எண்ணாது வந்த கர்ப்பம்

நம்மவர் பேச்சில் கர்ப்பவதியைக் குறிக்க எத்தனையோ சொற்கள் உண்டு. "வாயும் வயிறுமாக இருக்கிறாள்" என்பர், "பிள்ளைத்தாய்ச்சி" என்பர், தோட்டப்புறத்து முதிய பெண்டிர் "முழுகாமல் இருக்கிறாள்" என்றே கூறுவர். மாதவிடாய் கழிந்து தலைமுழுகும் நாள் வந்தும் அவள் முழுகவில்லை. ஆகையால் கர்ப்பம் என்று தெரிந்தது என்பது இதன் பொருள். வந்த பின்னரே தெரிந்துகொள்வோம் என்ற எண்ணம் இச்சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. வருமுன் அதனை எண்ணிப் பார்ப்பதற்கு நம் வீடுகளில் வழங்கும் சொல் ஒன்றேனும் உண்டோ என்று நாம் பலநாள் யோசித்ததுண்டு. கிடைத்தபாடில்லை.

கலியாணத்திற்கு நாள் பார்க்கிறோம். வீடு குடிபுக நாள் பார்க்கிறோம். ஒரு பசுமாடு வாங்குவதென்றாலும் பல்லைப் பிடித்துப் பார்த்து, கறவையைக் கேட்டு, நான்கு பேரை விசாரித்த பிறகே பணத்தை அவிழ்க்கிறோம். ஆனால் ஒரு மனித உயிர் இவ்வுலகிற்கு வருவதும், அதனைக் கொணரும் பெண்ணின் உயிர் தராசில் ஏறுவதும் மட்டும் "வரும்போது வரட்டும்" என்ற ஒரே பேச்சில் முடிந்துவிடுகின்றன. "மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தலையசைத்துவிட்டால் காரியம் தீர்ந்தது! தண்ணீர் ஊற்றுகிறவள் யார் என்பதை அங்குள்ள ஆடவர் எவரும் கேட்பதில்லை.

இது தமிழருக்கு மட்டும் உரிய குறையன்று. ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியம் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஆண்டுதோறும் 12 கோடியே 10 லட்சம் கர்ப்பங்கள் எண்ணாது நேர்கின்றன. அதாவது மொத்தக் கர்ப்பங்களில் ஏறக்குறையப் பாதி. அவற்றில் பிறக்கும் குழந்தைகள் யாவும் வேண்டாத குழந்தைகள் என்று யாரும் கருதிவிடலாகாது. எண்ணாது வந்து கண்ணாக வளர்ந்த பிள்ளைகள் நம் வீட்டிலும் உண்டு, வாசகர் வீட்டிலும் உண்டு. நாம் இங்கு பேசப்போவது அன்பைப் பற்றியன்று, தேகத்தைப் பற்றி. அன்பு பின்னால் வந்து சேரலாம். தேகம் முன்னாலேயே ஆயத்தமாக இருக்கவேண்டும்.

நமது அன்னையார் பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். ஒன்பது பிள்ளைகள் பெற்றார், எழுவர் தங்கினோம். அவருக்கு ஆண்டுக் கணக்கு தெரியாது. தலைச்சன் பிறந்தது மெர்டேகா ஆண்டு. ஏழாவது பிறந்தது பெருவெள்ளம் வந்தபோது என்பார். அவ்வாறு பார்த்தால் 1957-க்கும் 1971-க்கும் இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் ஏழு பேறுகள். ஒவ்வொரு பேற்றுக்கும் கர்ப்பகாலம் போக, பால் கொடுக்கும் காலமும் போக, அவருடைய உடல் அவருக்கே உரியதாக இருந்த மாதங்கள் எத்தனை என்று ஒருநாள் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். முழுதாக ஓராண்டு தேறவில்லை.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு நின்று, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, மரத்திற்கு மரம் குனிந்து நிமிர்ந்து, பால்வாளிகளைக் காண்டாவில் தூக்கி வரும் வேலை அது. எட்டாம் மாதம்வரை அந்த வேலையைச் செய்தவர் அவர் ஒருவரல்லர். அந்த லயத்துப் பெண்கள் அனைவரும் அவ்வாறே செய்தனர். அவர்களுடைய நகங்கள் வெளுத்திருக்கும். கண்ணிமையை இறக்கிப் பார்த்தால் உள்ளே சிவப்பே இராது. "இரத்தம் இல்லை" என்று தோட்டத்து டிரெஸ்ஸர் கூறி, சிவப்பு மாத்திரை கொடுப்பார். அதனைத் தின்றால் வயிற்றைப் பிசைகிறது என்று பாதி மாத்திரைகள் கோழிக்கூண்டின் பின்புறம் போய்ச் சேரும்.

இதில் அடங்கிய விவரம் மிக எளிது. ஒரு கர்ப்பகாலம் முழுமைக்கும் சேர்ந்து தாய்க்கு வேண்டிய இரும்புச்சத்து ஏறக்குறைய 1 கிராம். சாதாரண உணவிலிருந்து நமது தேகம் நாளொன்றுக்கு ஏற்றுக்கொள்வதோ 1 அல்லது 2 மில்லிகிராம். இவ்வளவு சிறிய குழாயில் நிரம்பவேண்டிய தொட்டி, நிரம்புமுன்பே மறுபடியும் திறந்துவிடப்படுமானால் என்ன மிஞ்சும்? கர்ப்பவதியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் அதனை இரத்தசோகை என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. அத்தகையவளுக்குப் பிரசவத்தில் உதிரம் சிறிது மிகுந்து போனாலும் தாங்காது. மற்றவள் தாண்டிவிடும் பள்ளத்தில் இவள் விழுந்துவிடுவாள். நமது அன்னையாரின் எட்டாவது பேற்றில் நேர்ந்தது அதுதான். குழந்தை பிறந்தது, நஞ்சும் விழுந்தது, உதிரம் மட்டும் நிற்கவில்லை. பலமுறை விரிந்து விரிந்து சோர்ந்த கருப்பை, பிள்ளை வெளிவந்தவுடன் இறுக்கிச் சுருங்கவேண்டியதற்கு மாறாக, தளர்ந்த பையாகவே கிடந்துவிடும். அதனுள் திறந்திருக்கும் இரத்தக் குழாய்களை அழுத்தி மூட வேறு சாதனம் கிடையாது. ஐந்துக்கு மேற்பட்ட பேறு கண்டவளுக்கு இவ்வபாயம் மிகுதி என்பது வைத்தியர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். தோட்டத்து லாரியில் வைக்கோல் பரப்பி அன்னையாரைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயினர். அவர் பிழைத்தார். அந்தக் குழந்தை மூன்றாம் வாரம் இறந்தது. "பிள்ளை பெறுவது மறுபிறப்பு" என்று நம்மவர் சொல்வதில் பொய்யில்லை. ஆயின் ஒன்பது தடவை மறுபிறப்பு எடுக்கவேண்டுமென்று யார் விதித்தார்கள்?

தாயின் நிலை இவ்வாறென்றால், இடுப்பில் இருக்கும் பிள்ளையின் நிலை யாது? இங்கே நம் முன்னோர் ஒரு சொல் வைத்திருக்கின்றனர். "சவலை" என்பது அது. அடுத்த கர்ப்பம் வந்துவிட்டமையால் தாய்ப்பால் மறக்கடிக்கப்பட்டு, கை கால் மெலிந்து, வயிறு உப்பி, எந்நேரமும் சிணுங்கிக்கொண்டிருக்கும் குழந்தையே சவலைப்பிள்ளை. மேல்நாட்டு வைத்திய நூல்களில் "குவாஷியோர்கர்" என்று ஒரு நோய் கூறப்படுகிறது. சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர், ஆப்பிரிக்காவில் அந்நாளில் தங்கக் கடற்கரை எனப்பட்ட நாட்டில் பணிசெய்தபோது, 1933-ஆம் ஆண்டில் அதனை விவரித்து எழுதினார். அந்நாட்டுத் தாய்மார் வழங்கிய சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார். புதுக் குழந்தை வரும்போது மூத்த குழந்தைக்கு உண்டாகும் நோய் என்பது அச்சொல்லின் கருத்தாம். கடல் கடந்து ஆயிரக்கணக்கான மைல்களுக்கப்பால் உள்ள தாய்மாரும் நம் பாட்டிமாரும் ஒரே காட்சியைக் கண்டு ஒரே விதமாகப் பெயரிட்டிருப்பதை நினைக்கும்போது நமக்கு வியப்பு மேலிடுகிறது.

அதே வில்லியம்ஸ் அம்மையார் பின்னர் நம் மலாயா பகுதிக்கே வந்து சேர்ந்தார் என்பதை வாசகர் பலர் அறிந்திரார். இனிப்பூட்டிய டின்பாலைச் சிசுக்களுக்கு ஊட்டி, அதனால் நேர்ந்த மரணங்களைக் கண்டு மனங்கொதித்து, 1939-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தாரின் முன்னிலையிலேயே அதனைக் கொலைக்கு ஒப்பிட்டுப் பேசினார். யுத்தகாலத்தில் ஜப்பானியர் அவரைச் சாங்கியில் சிறை வைத்தனர். நமது லயத்தில் சவலைப்பிள்ளைகளுக்குக் கிடைத்ததும் அந்த டின்பால்தான். அதுவும் ஒரு கரண்டிக்கு ஒரு போத்தல் தண்ணீர்.

பிறக்கப்போகும் பிள்ளைக்கும் நெருக்கம் ஆகாது. சென்ற பேற்றுக்கும் அடுத்த கர்ப்பத்திற்கும் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டில் ஜெனிவாவில் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் கூட்டம் பரிந்துரைத்தது. இடைவெளி மிகக் குறுகினால் 37 வாரம் நிரம்புமுன் பிறக்கும் குறைப்பிரசவமும், இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடையும் மிகுகின்றன. சென்ற பேறு வயிற்றைக் கீறி எடுத்ததாயின் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கருப்பையின் தழும்பு உறுதிப்படுமுன் அடுத்த பிரசவவலி வந்தால் தையல் பிரிவதுபோல் அது பிரியக்கூடும்.

நிற்க. நெருக்கமாகப் பெறுவதில்லை, நாங்கள் இரண்டோடு நிறுத்திக்கொண்டோம், எங்களுக்கு இப்பேச்சு எதற்கு என்று பட்டணத்து வாசகர் கேட்கலாம். அவர்களுக்கே இனி எழுதுவது.

குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழல், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. மாதவிடாய் வரவேண்டிய நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகும்போது அவ்வேலை முடிந்துவிட்டது என்று பொருள். அப்பொழுதுதான் பெண்ணுக்குச் சந்தேகமே எழுகிறது. மாமியாரிடம் சொல்ல இன்னும் ஒரு வாரம். கிளினிக்குக்குப் போக இன்னும் ஒரு மாதம். போலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்து தாயின் உடலில் போதுமான அளவு முன்னரே இல்லையாயின் அக்குழல் சரிவர மூடாது. முதுகில் திறந்த புண்ணோடும் வலுவற்ற கால்களோடும் குழந்தை பிறக்கும். அல்லது மண்டையோடு அமையாமல் பிறந்தவுடன் இறக்கும். 7 நாடுகளில் 33 நிலையங்களில் நடந்த பெரும் ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 1991-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. முன்பு அத்தகைய குழந்தை பெற்ற தாய்மார், கர்ப்பத்திற்கு முன்பிருந்தே போலிக் அமிலம் உட்கொண்டால், மறுபடியும் அவ்வாறு நேர்வது நூற்றுக்கு 72 பங்கு குறைகிறது என்று அது காட்டியது. சாதாரணப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதும். ஒரு மாத்திரையின் விலை சில காசுகளே. ஆனால் கர்ப்பம் தெரிந்த பிறகு தொடங்கினால் இக்காரியத்திற்கு அது பயன்படுவதில்லை. நம் வீடுகளிலோ ஏழாம் மாதத்தில் வளைகாப்பிட்டு, ஏழுவகைச் சோறு சமைத்து, பெண்ணின் நலத்திற்காக ஊரைக் கூட்டுகிறோம்! வளையல் போடவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது பெண்களுக்கு ஒரு மகிழ்ச்சியான நாள். அந்த அக்கறையில் நூற்றில் ஒரு பங்கு ஏழு மாதத்திற்கு முன்னால் காட்டியிருக்கலாகாதா என்றே கேட்கிறோம்.

நமது அண்ணியார் விஷயத்தைச் சொன்னால் வாசகர்க்கு இது இன்னும் நன்கு விளங்கும். 2010-ஆம் ஆண்டில் அவருக்கு வயது 42. மூத்த மகன் வேலைக்குப் போய்விட்டான். மகள் ஐந்தாம் படிவம். அண்ணியாருக்கு நீரிழிவும் இரத்தக்கொதிப்பும் இருந்தன. இதில் ஆச்சரியமில்லை. 2019-ஆம் ஆண்டின் மலேசியத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு உண்டு. இந்தியரை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31 பேர். மாதவிடாய் இரண்டு மாதம் வரவில்லை. "நின்றுபோகும் வயதுதானே" என்று அவர் இருந்துவிட்டார். வயிறு பருத்தபோது வாயு என்றார். உள்ளே அசைவு தெரிந்த பிறகுதான், பக்கத்து வீட்டு அம்மாள் வற்புறுத்தியதன்பேரில், கிளினிக்குக்குப் போனார். இருபத்திரண்டு வாரம்!

அந்த இருபத்திரண்டு வாரமும் அவர் தவறாமல் உட்கொண்டுவந்த இரத்தக்கொதிப்பு மாத்திரை, ஏ.சி.இ. தடுப்பான் என்ற வகையைச் சேர்ந்தது. இருதயத்திற்கும் சிறுநீரகத்திற்கும் மிக நல்ல மருந்து. நீரிழிவுக்காரருக்கு வைத்தியர் விரும்பிக் கொடுப்பது. ஆனால் கர்ப்பத்தின் பிற்பகுதியில் குழந்தையின் சிறுநீரகத்தை அது கெடுக்கும்; பனிக்குட நீர் வற்றும். கர்ப்பம் வேண்டுமென்று ஒரு பெண் முன்கூட்டியே வைத்தியரிடம் சொன்னால், அதனை நிறுத்தி வேறொரு மருந்து கொடுப்பது ஒரு நிமிட வேலை. சர்க்கரையும் அவ்வாறே. கருத்தரிக்கும்போது இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் குழந்தையின் இருதயமும் முதுகுத்தண்டும் பழுதாக அமையக்கூடும். ஆகையால் சில மாதங்களுக்கு முன்பே அதனைக் கட்டுக்குள் கொண்டுவரவேண்டும். கொதிப்பு உள்ளவளுக்குப் பிற்காலத்தில் சன்னி வாராதிருக்கச் சிறிய அளவு ஆஸ்பிரின் கொடுப்பது இன்றைய முறை; அதனையும் 16 வாரத்திற்குள் தொடங்கினால்தான் பலன் உண்டு. அண்ணியாருக்கு இக்கதவுகள் எல்லாம், அவர் இருப்பதை அறியுமுன்னரே, ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டுவிட்டன.

வந்தவுடன் கிளினிக்கு மிஸ்ஸி அவருடைய கர்ப்பப் புத்தகத்தில் மஞ்சள் துண்டு ஒட்டினார். இம்முறையை நம் நாட்டுப் பெண்கள் அறிவர். வெள்ளையெனில் தாதியே பார்த்துக்கொள்வார், பச்சையெனில் கிளினிக்கு டாக்டர், மஞ்சளெனில் நிபுணர், சிவப்பெனில் உடனே ஆஸ்பத்திரி. முப்பத்திரண்டாம் வாரத்தில் மஞ்சள் சிவப்பாயிற்று. கண் மங்கியது, தலை பிளந்தது, சிறுநீரில் புரதம் கொட்டியது. குழந்தையின் நுரையீரல் பக்குவப்பட ஊசி, தாய்க்கு வலிப்பு வராதிருக்க மக்னீசியம் ஊசி, பிறகு கத்தி. ஆண்குழந்தை, ஒரு கிலோ நானூறு கிராம். நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது. ஒரு உள்ளங்கையில் அடங்கும் அவ்வுருவத்தின் விலாவெலும்புகள் மூச்சுக்கு மூச்சு உள்வாங்கியதை நாம் கண்ணாடிக்கு இப்புறம் நின்று பார்த்தோம். அண்ணன் அந்த நாற்பது நாளும் ஆஸ்பத்திரி நடைவழியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்; யாரோடும் பேசவில்லை.

குழந்தை பிழைத்தது. இன்று இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான், கெட்டிக்காரன், ஆண்டுதோறும் சிறுநீரகப் பரிசோதனைக்குப் போய்வருகிறான். அண்ணியாரின் இரத்தக்கொதிப்பு அதன்பின் ஒருபோதும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. ஒருமுறை நாம் இதைப்பற்றிப் பேசியபோது அவர் சொன்னார்: "பிள்ளை வேண்டாமென்று நான் எப்போது சொன்னேன், தம்பி? இந்த வயதிலும் வரும் என்று ஒருவர் எனக்குச் சொல்லவில்லை. மாதாமாதம் மருந்து வாங்கப் போனேன். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார்கள், பிரஷர் எவ்வளவு என்று கேட்டார்கள். வீட்டுக்காரரோடு இருக்கிறாயா, பிள்ளை வராமல் என்ன செய்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்க வெட்கம்."

இவ்வெட்கத்தைப் பற்றித்தான் நாம் அதிகம் எழுத விரும்புகிறோம். மலேசியாவில் மணமான பெண்டிரில் ஏதேனும் ஒரு கர்ப்பத்தடை முறையைக் கையாள்வோர் 1984 முதல் 2014 வரை முப்பது ஆண்டுகளாக ஏறக்குறையப் பாதிப்பேர் என்ற அளவிலேயே நின்றுவிட்டனர். வீட்டுக்கு வீடு கைத்தொலைபேசி வந்துவிட்டது; இந்தக் கணக்கு மட்டும் நகரவில்லை. மருந்து இல்லாமையன்று காரணம். கேட்கக் கூச்சம், சொல்லக் கூச்சம்; கூச்சத்தின் இடத்தை நிரப்ப வதந்தி. மாத்திரை தின்றால் பிறகு பிள்ளையே வராதாம்; கருப்பையில் வைக்கும் வளையம் நெஞ்சுக்கு ஏறிவிடுமாம்! கருப்பையிலிருந்து நெஞ்சுக்கு ஒரு பாதையை உண்டாக்கிய மகாமேதை யாரோ, நாம் அறியோம்.

வதந்திகளுள் மிகவும் பொல்லாதது, பால் கொடுக்கும்வரை கர்ப்பம் தங்காது என்பது. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆபத்து. 1988-ஆம் ஆண்டில் இத்தாலியிலுள்ள பெல்லாஜியோ என்னும் ஊரில் கூடிய அறிஞர்கள் இதனை ஆராய்ந்து வரையறுத்தனர். குழந்தை ஆறு மாதத்திற்கு உட்பட்டதாக இருக்கவேண்டும்; தாய்ப்பாலைத் தவிர வேறு உணவு ஏறக்குறைய இல்லாதிருக்கவேண்டும்; மாதவிடாய் திரும்பாதிருக்கவேண்டும். மூன்றும் பொருந்தினால் நூற்றுக்கு 98 பேருக்குக் காவல் உண்டு. ஒன்று தவறினாலும் அவ்வுறுதி போயிற்று. காலை ஐந்து மணிக்குப் பிள்ளையை ஆயாவிடம் விட்டு, பிற்பகலில் வந்து பால் கொடுக்கும் தாய்க்கும், பட்டணத்துத் தொழிற்சாலையில் இராவேலை பார்க்கும் தாய்க்கும் அது எங்ஙனம் பொருந்தும்? மேலும், கருமுட்டை வெளிப்படுவது முதலில். மாதவிடாய் வருவது அதற்கு இரண்டு வாரம் பின்னால். ஆகவே ஒருமுறைகூடத் தலைமுழுகாமலே மறுபடியும் கர்ப்பமாகிவிடலாம். நமது அன்னையாருக்கு இருமுறை அவ்வாறு நேர்ந்தது.

பேறுகாலத்துப் பத்தியத்தையும் இங்கேயே சொல்லிவிடுவோம். சுறாப்புட்டும் பூண்டும் நாற்பது நாள் ஓய்வும் மிக நல்லவை. அவற்றை ஒருவரும் விடவேண்டாம். தண்ணீர் கொடாமலும் கீரை, பழம் கொடாமலும் பிள்ளை பெற்றவளை உலர்த்துவது மட்டும் ஒழியவேண்டும். உதிரம் இழந்தவளுக்கு உதிரம் ஊறும் உணவைத் தடுப்பது என்ன நியாயம்?

இனிக் கலியாணமாகாத பெண்ணைப் பற்றி. இதனைப் பத்திரிகையில் எழுதலாகாது என்பாரும் உளர். பதினாறு, பதினேழு வயதுப் பெண் கர்ப்பமானால் அவள் முதலில் செய்வது அதனை மறைப்பது. இறுகக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவாள், குறைத்து உண்பாள், எந்தக் கிளினிக்கிலும் அவள் பெயர் இராது. இளம்வயதுத் தாய்க்குச் சன்னியும் குறைப்பிரசவமும் மிகுதியாக நேரும் என்பது உலகறிந்த விஷயம். அவளுக்கோ இரத்த அழுத்தம் பார்க்க ஒருவருமில்லை. இளம் அன்னாசி, நாட்டுமருந்து, குச்சி என்று யாரோ சொல்வதைக் கேட்டு, கிருமி ஏறி, காய்ச்சல் மூண்டு, நாற்றத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்களை அங்குள்ள தாதிமார் அறிவர். அல்லது குளியலறையில் தனியே பெற்று, அலறாமல் வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு, பிறந்த சிசுவைக் குப்பைத்தொட்டியில் இட்டுவிட்டு வருவாள். மறுநாள் பத்திரிகை அவளைப் பாதகி என்று எழுதும். அந்தச் சிசுவுக்கு ஒரு தகப்பனும் உண்டு என்பதைப் பத்திரிகை நினைப்பதில்லை.

தாயின் உயிருக்கோ, உடல்நலத்திற்கோ, மனநலத்திற்கோ கர்ப்பத்தால் அபாயம் மிகுமென்று வைத்தியர் நல்லெண்ணத்துடன் கருதினால் அதனை நீக்கலாம் என்று மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 312-ஆம் பிரிவு 1989-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. அது தெரியாமல், எந்நிலையிலும் இது ஜெயில் காரியம் என்று பயந்து, அறியாதார் கையில் போய் விழுகிற பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் 1969-ஆம் ஆண்டுச் சட்டம் முதலாகவே வழி வேறு. நீக்குவதா வைத்துக்கொள்வதா என்பதை நாம் யாருக்கும் உபதேசிக்கப் போவதில்லை. பெண் முதலில் வைத்தியரிடம் போகவேண்டும். அவளைத் தாயோ, அத்தையோ, ஆசிரியையோ ஒருவர் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போகவேண்டும். எண்ணாது கருவுற்றவள், மணமானவளாயினும் ஆகாதவளாயினும், பிரசவத்திற்குப் பின் மனச்சோர்வில் விழுவது மற்றவரினும் மிகுதி. அழுகையைப் பேய்க்கோளாறு என்று சொல்லி வேப்பிலை அடிப்பதைவிட, யாராவது ஒருவர் இரவில் குழந்தையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்கவிடுவது மேலான வைத்தியம்.

கர்ப்பத்தடை என்றால் வெள்ளைக்காரன் நேற்றுக் கொண்டுவந்த சங்கதி என்று எண்ணுவோர் சற்றுப் பின்னோக்கிப் பார்க்கட்டும். ஈ.வெ. இராமசாமிப் பெரியார் 1936-ஆம் ஆண்டில் "கர்ப்ப ஆட்சி" என்று ஒரு நூலே வெளியிட்டார். மற்றவர்கள் தாயின் உடல்நலம், தேசத்தின் தரித்திரம் என்று காரணம் காட்டியபோது, பெண்ணின் சுதந்திரத்திற்காகவே அது வேண்டும் என்றார் அவர். அவருடைய வாதம் பெரியது, நம்முடையது சிறியது. நாம் உதிரத்தையும் எடையையும் மாத்திரையையும் பற்றித்தான் பேசுகிறோம். ஆயினும் இரண்டும் ஒரே வாசலில் போய்ச் சேருகின்றன. எப்போது என்று சொல்லும் உரிமை பெண்ணுக்கு இருந்தாலன்றி, எந்த மாத்திரையும் உரிய காலத்தில் அவள் வாய்க்குப் போகாது.

சிங்கப்பூரில் கான்ஸ்டன்ஸ் கோ அம்மையாரும் மற்றும் சிலரும் கூடிக் குடும்பத் திட்டச் சங்கத்தை நிறுவியது 1949-ல். யுத்தத்திற்குப் பின் பசியால் வாடிய பிள்ளைகளைக் கண்ட பெண்கள் அவர்கள். அரசாங்கமே அவ்வேலையை மேற்கொண்டது 1966-ல். மலேசியாவிலும் தேசியக் குடும்பத் திட்ட வாரியம் அமைந்தது அதே ஆண்டு. சிங்கப்பூர்க் கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் அவ்வோராண்டில் மட்டும் 39,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன! நாளொன்றுக்கு நூறுக்கு மேல். தாய்மார்க்குக் கட்டில் போதவில்லை என்று அக்காலத்தில் அங்கிருந்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

நல்ல மாற்றமும் உண்டு. 1950-ஆம் ஆண்டளவில் மலாயாவில் ஒரு லட்சம் பேறுகளுக்கு 500-க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். கொரோனா பரவிய 2021-ஐ விலக்கிப் பார்த்தால், அண்மைக் காலத்தில் அத்தொகை 30-க்குக் கீழேயே நிற்கிறது. கிராமத் தாதிமாரும், வண்ணத்துண்டுகளும், 1991 முதல் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் இரகசியமாக விசாரித்துக் காரணம் காணும் குழுவும் சேர்ந்து செய்த வேலை இது. அவர்களுக்கு நம் நன்றி உரியது. எஞ்சிய மரணங்களைக் குறைப்பது கடினமாயிருப்பதற்கு ஒரு காரணம், நெஞ்சுநோயும் நீரிழிவும் கொதிப்பும் கொண்ட பெண்கள் எண்ணாது கர்ப்பமாவது. கிளினிக்குக்கு வந்த பிறகு காப்பாற்ற ஆயிரம் வழி. வருமுன் காக்க, வீட்டில் நடக்கும் பேச்சு ஒன்றே வழி.

அப்பேச்சில் ஆடவருக்குப் பங்கு இல்லையா? மாத்திரை தின்பவள் பெண். ஊசி போட்டுக்கொள்பவள் பெண். வளையம் வைத்துக்கொள்பவள் பெண். போதுமென்றால் வயிற்றைக் கீறிக்கொள்பவளும் பெண். ஆணுக்குரிய சிகிச்சையோ மரத்துப்போகும் ஊசி போட்டு அரைமணி நேரத்தில் முடிவது. அன்றே வீட்டுக்கு நடந்து வரலாம். ஆண்மை குறையாது, பலம் குறையாது, விந்தில் வித்து மட்டும் இராது. அதுவும் மூன்று மாதம்வரை முன்னிருந்த வித்து மிஞ்சியிருக்கலாம். பரிசோதித்துப் பார்க்கும்வரை வேறு காவல் வேண்டும். நமது தெருவில் நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பனான அன்பர் ஒருவர் உண்டு. மனைவிக்கு இரண்டு தடவை வயிறு கீறியாயிற்று. இன்னொரு முறை ஆகாது என்று டாக்டர் கையெழுத்திட்டே கொடுத்துவிட்டார். நாம் இதையெல்லாம் அவருக்கு விளக்கிச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். செம்பனைக் குலை அறுக்கும் வேலை, முதுகு வேண்டும் என்றார். இதற்கும் முதுகுக்கும் சம்பந்தமில்லை என்றோம். யோசித்து, தீபாவளி கழியட்டும், பார்க்கலாம் என்றார். இரண்டு தீபாவளி கழிந்துவிட்டன. அந்த அம்மையார் சென்ற வாரம் கடைத்தெருவில் எதிர்ப்பட்டபோது, மூன்று மாதத்திற்கொருமுறை போடும் ஊசிக்குத் தேதி நெருங்கிவிட்டது, கிளினிக்குக்குப் போக அவர் மோட்டார்சைக்கிளை எடுப்பாரோ மாட்டாரோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.